ஒளியும் தண்மையும்

விளக்கொளியைக் கண்டு மகிழாதார் யாவர்? ஆயின், அவ்விளக்கிற்கு ஆற்றல் தரும் பொறி தன் வெப்பத்தை எங்ஙனம் ஆற்றிக்கொள்கின்றது என வினவுவார் மிகச் சிலரே. யாமும் அவ்வாறு வினவாதிருந்தவரே. ஜவ்வாது மலைதான் எமக்கு அவ்வினாவைக் கற்பித்தது.

ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள சிற்றூரொன்றில் நடந்த மருத்துவ முகாமிற்கு மாணவர் சிலர் தொண்டாற்றச் சென்றிருந்தோம். சிறு லாரியின்மேல் ஏற்றிய டீசல் ஜெனரேட்டர் ஒன்றும் எம்முடன் வந்தது. மருத்துவர்க்கு ஒளியும் மருந்துப் பெட்டிக்குக் குளிர்ச்சியும் அதுவே தரல்வேண்டும். விளக்கேற்றி ஒருமணி நேரம் ஆகுமுன் பொறி கொதித்து நின்றது. தோழர் ஒருவர் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கைநீட்டினார். "தொடாதீங்க தம்பி, முகம் வெந்துபோகும்!" என்று ஓட்டுநர் தடுத்திராவிடின் யாது நேர்ந்திருக்குமோ! காலில் வெட்டுண்டு வந்த முதியவர் ஒருவரின் புண்ணை மருத்துவர் கைவிளக்கொளியிலேயே தைத்து முடித்தார்.

"மலைதான் குளிர்ச்சியாயிற்றே, பெரிய ரேடியேட்டர் எதற்கு?" என்பதே வண்டியை அமைத்தோர் கூறிய அமைதி. இக்கூற்றை யாம் மறுக்கின்றோம். இத்தகைய சிறு பொறிகளில், எரியும் எண்ணெயின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே பயனாகின்றது. மற்றொரு பங்கு புகையொடு போகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்து வெளியேற்றல்வேண்டும். மலையில் 725 மீட்டர் உயரத்தே காற்றின் வெம்மை சமவெளியினும் நான்கைந்து பாகை குறையும் என்பது மெய்யே. ஆயின் அக்காற்றின் செறிவும் நூற்றுக்கு ஏழளவு குறைகின்றது. மெலிந்த காற்று குறைந்த வெப்பத்தையே வாரிச் செல்லும். ஆகவே மலை ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கின்றது. மேலும், அவ்வுயரத்தில் தண்ணீர் 100 பாகைக்கு இரண்டு மூன்று பாகை முன்னரே கொதிக்கத் தொடங்கும்; அதனைத் தடுப்பது அழுத்தந் தாங்கும் மூடியே.

1901-ஆம் ஆண்டின் மெர்ஸிடிஸ் காருக்கென மைபாக் என்னும் ஜெர்மானியர் 8,070 சிறு குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே துணை. நிற்கும் வண்டிக்கோ அத்துணை இல்லை. முகாமில் நின்றபடியே உழைக்கும் ஜெனரேட்டருக்கு விசிறி ஒன்றே கதி. அவ்விசிறி தள்ளும் சுடுகாற்று பெட்டிக்குள்ளேயே சுழன்று மீண்டும் முன்வாயிற் புகுமாயின் எத்துணைப் பெரிய ரேடியேட்டரும் பயன்படாது. ஆதலின் குளிர்காற்று புகும் வழியும் சுடுகாற்று போகும் வழியும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைதல்வேண்டும். ரேடியேட்டருக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையேயுள்ள சந்துகள் அடைபடல்வேண்டும். மலைப்பாதையின் குலுக்கலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்கள் வேண்டும். ஓடைநீரின் உப்பு உள்ளே படியாதவாறு காய்ச்சி வடித்த நீரும் குளிர்விக்கும் திரவமும் கலந்து ஊற்றல்வேண்டும். வெம்மை மிகின் பொறியைத் தானே நிறுத்தும் கருவியும் வேண்டும்.

பிறரை மட்டும் குறைகூறுதல் அறமன்று. இரைச்சல் காதைத் துளைக்கின்றதென்று பெட்டியின் கதவுகளைச் சாத்தச் சொன்னவர் யாமே. கதவு திறந்திருந்தாற்றான் ஆறும் பொறி குறையுடைய பொறி என்பது உண்மை. ஆயினும் அதன் மூச்சை அடைத்தது எம் அறியாமையே.

இம்மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் உள்ளது. 1986-இல் அங்கு நிறுவிய 2.34 மீட்டர்த் தொலைநோக்கியின்வழி வரும் விண்மீன் ஒளியைப் பதியும் கருவியைத் திரவ நைட்ரஜனாற் குளிர்விக்கின்றனர். கருவியின் சொந்த வெப்பமே அவ்வொளியை மறைத்துவிடும் என்பதனால். விண்ணொளியைப் பெறுதற்கும் தண்மை வேண்டும். குடிசைக்கு ஒளி தருதற்கும் தண்மை வேண்டும்.

ஆகலின் எம் கருத்து இது. முகாமிற்கு ஜெனரேட்டர் அமர்த்தும்போது அது எத்தனை விளக்கெரிக்கும் என்று மட்டும் கேளாது, எங்ஙனம் ஆறும் என்றும் கேட்போமாக. மலையேறுமுன், கல்லூரி வாயிலில் உச்சிப்பொழுதில், கதவுகளைச் சாத்தி, முழுச்சுமையோடு இரண்டு மணிநேரம் அதனை ஓட்டிப் பார்ப்போமாக. அங்குத் தேறாத பொறி மலைமீது தேறாது. இதற்கு விஞ்ஞான மாணவர் மட்டும் வேண்டுவதில்லை; கடிகாரமும் பொறுமையும் உடைய இலக்கிய மாணவரும் போதும். சிறு ரேடியேட்டரால் மிஞ்சும் பணம் நமதன்று. அது கைவிளக்கொளியிற் புண் தைக்கப்பெற்ற அம்முதியவருடையது.