குளவிக்குப் பெயர் வைப்பதும் ஒரு வேலையா?

ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத பூச்சிக்குப் பெயர் வைக்க, மாதக்கணக்கில் நுண்நோக்கியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு அரசாங்கம் சம்பளம் தர வேண்டுமா? 'சோறு போடாத படிப்பு' என்றுதான் நம் வீடுகளில் பலரும் சொல்வார்கள். தர வேண்டும், இப்போது தருவதைவிடக் கூடுதலான பேருக்குத் தர வேண்டும் என்பது என் கருத்து.

ரயில் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவனுக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பெயர் தவறினால் என்ன ஆகும் என்பது எங்கள் துறையில் கேங்மேன் முதல் எல்லோருக்கும் தெரியும். 52 கிலோ தண்டவாளத்தின் ஃபிஷ் பிளேட்டும் 60 கிலோ தண்டவாளத்தின் ஃபிஷ் பிளேட்டும் தூரத்தில் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். 'ஃபிஷ் பிளேட் தேவை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் எது வந்து சேரும்?

நான் சொல்வது ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றி. இவை நம்மைக் கொட்டும் குளவிகள் அல்ல. பெண் குளவி மாவுப்பூச்சி போன்ற ஒன்றின் உடலுக்குள் முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு உள்ளேயிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உப்பிக் காய்ந்து கூடாகிவிடும். அந்தக் கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுப் புதிய குளவி வெளியே பறக்கும். வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்தின் குறுகிய கோடையிலும் கம்பளிப்புழுக்களைத் தேடிப் பறக்கும் குளவிகள் உண்டு. எந்தக் குளவி எந்தப் பூச்சியைத் தேடும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பல குளவிகள் ஒன்றிரண்டு இனப் பூச்சிகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. நமக்கோ பப்பாளியில் இருப்பதும் மாவுப்பூச்சி, மரவள்ளியில் இருப்பதும் மாவுப்பூச்சி.

இந்தப் பெயர்க் குழப்பம் ஆப்பிரிக்காவை என்ன பாடு படுத்தியது என்று பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் காங்கோ பகுதியில் மரவள்ளிச் செடிகளை ஒரு மாவுப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. அங்கே கோடிக்கணக்கானவர்களுக்கு மரவள்ளிதான் சோறு. அது தென் அமெரிக்காவிலிருந்து போன பயிர். ஆகவே பூச்சியின் எதிரியையும் தென் அமெரிக்காவில் தேடினார்கள். அக்கண்டத்தின் வடபகுதியில் அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் குளவிகளைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் விட்டார்கள், பலனில்லை. 1981இல் லண்டன் அருங்காட்சியகத்தின் காக்ஸ், வில்லியம்ஸ் இருவரும் நுண்நோக்கியில் ஒப்பிட்டு, இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு பெலோட்டி என்பவர் தெற்கே பராகுவேயில் உண்மையான பூச்சியைக் கண்டுபிடித்தார். அதைத் தின்னும் குளவியும் அங்கே இருந்தது. அனாகைரஸ் லோபெசி என்று இன்று அழைக்கப்படும் அக்குளவியை அர்ஜென்டினாவின் டி சாண்டிஸ் 1964லேயே விவரித்துப் பெயரிட்டிருந்தார்! அந்த வேளையில் ஆப்பிரிக்க விவசாயிக்கு இந்தத் தொல்லையே வரவில்லை. பிறகு அக்குளவி ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி மரவள்ளியைக் காத்தது. அப்பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. டி சாண்டிஸின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இது எங்கோ நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். அதே மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தின் திருச்சூரில் தென்பட்டு, சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிக் காடுகளையும் பிடித்தது. ஜவ்வரிசி ஆலைகளை நம்பியிருக்கும் பூமி அது. இம்முறை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பூச்சியின் பெயர் தெரிந்ததும் குளவியின் பெயரும் தெரிந்துவிட்டது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதை வரவழைத்து, சோதித்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது. இதற்கு முன் 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மல்பெரியையும் விட்டுவைக்காமல் தின்றபோதும் இதே வழிதான். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று குளவிகள் வந்தன. அந்த மூன்றும் 2000, 2003 ஆகிய ஆண்டுகளில்தான் பெயர் பெற்றவை.

எங்கள் தடாவுக்கும் இதில் பங்குண்டு. (1995இல் காலாவதியான சட்டத்தைச் சொல்லவில்லை. சென்னை - கூடூர் பாதையில் ஆரம்பாக்கத்தை அடுத்து வரும் ஊர்.) 2016இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஆந்திரக் கடலோரத் தென்னைகளுக்கும் வந்தது. கீற்றெல்லாம் கரும்பூசணம். மருந்தடிக்க ஆள் தேடிய பக்கத்து வீட்டு ரெட்டிகாருவிடம், கீற்றின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். வெள்ளை ஈயின் கூட்டில் வட்டமான துளை இருந்தால் என்கார்சியா என்னும் குளவி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான்.

பெயர் வைப்பது தொட்டில் கட்டிப் பெயர் சூட்டுவது போல எளிதல்ல. குளவியைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, உணர்கொம்பின் கணுக்களை எண்ணி, இறக்கையின் மயிர் வரிசைகளைப் பார்த்து, படம் வரைய வேண்டும். முன்பு பெயரிடப்பட்ட நெருங்கிய இனங்களின் மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். நம் நாட்டுக் குளவிகள் பலவற்றின் மூல மாதிரிகள் இன்னும் லண்டனில் இருக்கின்றன. புதிய மாதிரியைப் பிற்காலத்தவர் பார்க்கும்படி பத்திரப்படுத்தவும் வேண்டும்.

இந்த வேலையில் நம்மவர்கள் சளைத்தவர்கள் அல்லர். தமிழரான எம்.எஸ்.மணி, நம்மைப் போலவே தமிழ்நாட்டுக்கு வெளியே, ஆக்ரா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பூச்சியியல் பள்ளியை உருவாக்கி, ஒட்டுண்ணிக் குளவிகளையும் இமயத்தின் பனிப்பகுதிப் பூச்சிகளையும் ஆராய்ந்தார். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் டி.சி.நரேந்திரன் நூற்றுக்கணக்கான புதிய இனங்களுக்குப் பெயரிட்டார். அலிகாரில் முகம்மது ஹயாத். இப்படிப்பட்ட ஒருவர் உருவாக இருபது ஆண்டுகள் ஆகும். அவர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த பூச்சி வந்தபின் விளம்பரம் கொடுத்தால் ஆள் எங்கே கிடைப்பார்? மூன்றாண்டு ஆராய்ச்சித் திட்டம், அது முடிந்ததும் வீட்டுக்குப் போ என்றால் எந்தப் பிள்ளை இதைப் படிக்கும்? ஒவ்வொரு வேளாண் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்று நிரந்தரப் பணியிடம் வேண்டும். ஓய்வு பெறுபவரோடு ஐந்தாண்டாவது சேர்ந்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள இளையவர் ஒருவரும் வேண்டும்.

நம் சங்கங்களும் ஒன்று செய்யலாம். ஆண்டுதோறும் நாம் தரும் கல்வி உதவித்தொகை பெரும்பாலும் பொறியியலுக்கும் கணினிக்கும் மருத்துவத்துக்குமே போகிறது. அதில் ஒன்றைப் பூச்சியியல் முதுகலை படிக்கும் மாணவருக்கு ஒதுக்கலாம். வரும் பொதுக்குழுவுக்கு நான் இதை எழுத்து மூலமாகவே அனுப்புகிறேன். ஆதரிப்போர் தம் பெயரைச் செயலாளரிடம் கொடுக்கலாம்.