பெயர் விடுபடாத பட்டியல்



குடும்ப முகாமும் கன்வென்ஷனும் நெருங்கும்போது நகரத்துச் சபைகளில் பெயர்ப்பதிவு வேலை தொடங்கிவிடுகிறது. முன்பு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். பிறகு எக்ஸெல் கோப்புக்கு மாறினோம். இப்பொழுது பல சபைகளில் வாலிபர்கள் நிகழ்ச்சி ஏற்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அடையாள அட்டை, உணவுச் சீட்டு, தங்கும் அறை, சிறுவர் வகுப்பு யாவும் அதிலிருந்தே தயாராகின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆயினும், எக்ஸெல் பட்டியலை அந்த மென்பொருளுக்குள் ஏற்றும் சிறிய வேலையில், சபையின் சில ஆத்துமாக்கள் ஓசையின்றி மறைந்துபோகக்கூடும்.

நெகேமியா 7ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். அலங்கம் கட்டி முடிந்தபின் அந்த தேவமனிதர் ஜனங்களைப் பதிவுசெய்ய முற்பட்டபோது, முன்னே வந்தவர்களின் வம்ச அட்டவணை அவர் கைக்குக் கிடைத்தது. சபையார் 42,360 பேர். வேலைக்காரரும் வேலைக்காரிகளும் 7,337 பேர். கழுதைகள்கூட 6,720 என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதே அட்டவணையில் தங்கள் பெயரைக் காணாத சில ஆசாரியக் குடும்பத்தார் ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கப்பட்டார்கள். ஒரு பட்டியலில் பெயர் இல்லாமற்போவது எவ்வளவு பாரமான காரியம் என்பதை இதனால் அறிகிறோம்.

மென்பொருளுக்கு மனிதரைத் தெரியாது. ஒரு வரிசையில் உள்ளவர் புதியவரா, ஏற்கனவே பதிவானவரா என்பதைப் பெரும்பாலும் மின்னஞ்சலையோ செல்போன் எண்ணையோ கொண்டே அது தீர்மானிக்கிறது. நம் வீடுகளின் நிலை என்ன? பிழைப்புக்காக மும்பைக்கும் சூரத்துக்கும் பெங்களூருக்கும் வந்த எத்தனையோ குடும்பங்களில் ஐந்து பேருக்கும் ஒரே எண் கொடுக்கப்படுகிறது. ஐந்து வரிசைகளிலும் அதே எண்ணைக் காணும் மென்பொருள், ஐவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்ளும். ஒன்று, கடைசி வரிசை முந்தின வரிசைகளை அழித்து எழுதும். அல்லது, முதலாமவரைத் தவிர மற்றவர்களை இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடும்.

தள்ளப்படுகிறவர் பெரும்பாலும் யார்? ஊரிலிருந்து மகனோடு தங்க வந்த வயதான தாயார், தனக்கென்று செல்போன் இல்லாத மனைவி, சிறு பெண்பிள்ளை. முகாமின் வாசலில் அவர்களுக்கு அட்டை இராது. அந்தத் தாயார் யாரோடும் வாதாடமாட்டார், ஓரமாய் நிற்பார், அடுத்த ஆண்டு வரமாட்டார். கழுதைகளுக்கும் கணக்கிருந்த ஜனத்தின் வரலாற்றை வாசிக்கிற நாம், ஜெபிக்கிற ஒரு தாயாரைக் கணக்கில் விடலாமா?

இதற்குப் பரிகாரம் எளிது. "இன்னார் குடும்பம், 5 பேர்" என்று எழுதாமல், ஆளுக்கொரு வரிசை கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சபை எண் வையுங்கள். 37ஆம் குடும்பத்தாருக்கு 3701, 3702, 3703 என்று வரட்டும். 3-1 என்று எழுதினால் எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். பட்டியலை ஏற்றும்போது, ஆளை அடையாளம் காணும் பத்தியாக இந்தச் சபை எண்ணையே தெரிவுசெய்யுங்கள். மென்பொருள் அதற்கு இடங்கொடாவிட்டால், குடும்பத் தலைவருக்கு மாத்திரம் செல்போன் எண்ணை வைத்து, மற்றவர்களுக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் பாருங்கள்.

வேறு சில காரியங்களும் உண்டு. 91 சேர்த்து எழுதிய செல்போன் எண்ணை எக்ஸெல் சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும். ஆகையால் எண்களைப் பதிக்குமுன் அந்தப் பத்தியை எழுத்து வடிவுக்கு மாற்றுங்கள். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகாதிருக்க, யூ.டி.எஃப்.-8 வகையில் சேமியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாதபடியால், மென்பொருள் அதைக் கட்டாயமாகக் கேட்டால் தகப்பன் பெயரா, கணவன் பெயரா என்று ஒரே முறையை முன்னதாகத் தீர்மானியுங்கள். பிறந்த தேதியில் 05/06 என்பது ஜூன் 5ஆகவும் மே 6ஆகவும் வாசிக்கப்படலாம். அதையும் சரிபாருங்கள்.

முழுப் பட்டியலையும் ஒரேயடியாக ஏற்றாதிருங்கள். மூலக் கோப்பைப் பத்திரமாக வைத்து, ஒரே எண்ணுள்ள ஒரு குடும்பத்தை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். முழுவதையும் ஏற்றியபின், எக்ஸெலில் எத்தனை வரிசை, மென்பொருளில் எத்தனை பேர் என்று ஒப்பிடுங்கள். ஒருவர் குறைந்தாலும் அவர் யார் என்று தேடுங்கள். நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை மேய்ப்பன் அறிந்தது, எண்ணிப் பார்த்ததினால் அல்லவா?

கடைசியாக ஒரு எச்சரிப்பு. பல சபைகளின் கோப்பில் ஜெபக் குறிப்பு என்றொரு பத்தி உண்டு. வியாதி, கடன், குடும்பப் பிரிவினை யாவும் அதில் இருக்கும். அதை ஒருபோதும் நிகழ்ச்சி மென்பொருளுக்குள் ஏற்றாதிருங்கள். போதகரை நம்பிக் கண்ணீரோடு சொன்னது, பதிவு மேசையில் அமர்ந்திருக்கும் எல்லாருடைய கண்ணுக்கும் ஏன் படவேண்டும்? ஒருவருடைய தனிப்பட்ட விவரங்களை அவர் சம்மதத்தோடு கையாளவேண்டும் என்பதே நம் நாட்டில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய நோக்கம். சட்டம் சொல்லுமுன்னரே நமக்குத் தெரிந்திருக்கவேண்டிய காரியம் இது.

வாலிபத் தம்பிகளே, தங்கைகளே, கம்ப்யூட்டர் முன் அமர்ந்து நீங்கள் செய்வதும் ஊழியமே. மூப்பர்களே, பிள்ளைகள்மேல் எல்லாவற்றையும் விட்டுவிடாமல், அவர்கள் அருகே அமர்ந்து ஒவ்வொரு பெயரையும் வாசித்துப் பாருங்கள். வாடகை வீடு மாறியவர், ஊருக்குத் திரும்பியவர், நித்திய இளைப்பாறுதலுக்குள் சென்றவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். வாசிக்கும்போதே அவர்களுடைய குடும்பங்களுக்காக ஜெபியுங்கள்.

தம்முடைய ஆடுகளைப் பெயரால் அறிந்திருக்கிற பிரதான மேய்ப்பர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.