ஹைப்ரிட் கம்பு தின்னா ஆண்மை போயிருமா?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு கம்பு மூட்டை திரும்பி வந்திருச்சுங்க. 25 கிலோ. ரெண்டு தடவை பார்சல் கூலியும் என் தலையில. மாசாமாசம் நம்மகிட்ட வாங்குற வீடுதான். என்ன ஆச்சுன்னு போன் போட்டுக் கேட்டேன். "அண்ணா, நீங்க போடறது ஹைப்ரிட் கம்பாமே. அது ஆண் மலட்டுச் செடியிலிருந்து வர்ற விதையாம். சாப்பிட்டா ஆண்மை போயிரும்னு குரூப்புல வந்துச்சு. வீட்ல வயசுப் பசங்க இருக்காங்கண்ணா" அப்படின்னாங்க. அதே குரூப்புல இருக்கிற இன்னும் 3 வீட்டுக்காரங்களும் ஆர்டரை நிறுத்திட்டாங்க.

அந்த மெசேஜ் முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை, அதுதான் சங்கடம். ஆண் மலட்டுச் செடின்னு ஒண்ணு இருக்கு. நானே வளர்த்திருக்கேன்.

ஒரு கம்பங் கருதுல ஆயிரக்கணக்குல பூ இருக்கும், ஒவ்வொண்ணும் கடுகு மாதிரி. ரெண்டு வகையைக் கலந்து ஒட்டு விதை எடுக்கணும்னா, தாயா நிக்கிற செடி தன்னோட மகரந்தத்தைத் தானே வாங்கிக்கக் கூடாது. பருத்திப் பூ பெருசு. ஆள் விட்டு, ஆண் பாகத்தை நகத்துல கிள்ளி எடுத்துரலாம். கம்புல எவன் கிள்ளுவான்? அதனால மகரந்தமே வராத செடியைத் தாயா வைக்கறாங்க. இது ஊசி போட்டு உண்டாக்குனது இல்லீங்க. இயற்கையிலயே அப்படிச் செடி அங்கங்க முளைக்கும். 1925ல கலிபோர்னியாவுல ஹென்றி ஜோன்ஸ்ங்கறவர் வெங்காயத்துல அப்படி ஒரு செடியைப் பார்த்துட்டு அதை விடாம வளர்த்தார். கம்புக்கு அமெரிக்காவுல டிஃப்டன்கிற ஊர்ல பர்ட்டன்னு ஒருத்தர் ஆண் மலட்டுத் தாய் ஒண்ணை உண்டாக்குனார். பேரு டிஃப்ட் 23ஏ. அதை வச்சு 1965ல நம்ம நாட்டோட முதல் ஹைப்ரிட் கம்பு எச்பி-1 வந்துச்சு.

இந்த மலட்டுத்தனம் தாய்வழியா மட்டும்தான் இறங்கும். செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற சமாச்சாரம் அது. தகப்பனா வைக்கிற செடிகிட்ட அதைச் சரிபண்ற ஜீன் இருக்கும். அதனால ரெண்டும் சேர்ந்து பிறக்கிற ஹைப்ரிட், எங்காட்டுல நல்லாவே மகரந்தம் கொட்டும். பூக்கிற காலத்துல காலையில உள்ள நடந்து பாருங்க, சட்டையெல்லாம் மஞ்சத் தூளா ஒட்டும். அது கொட்டலைன்னா கருதுல மணியே பிடிக்காது. மணியே இல்லாம எதைத் தின்னுங்க நீங்க மலடாகறது?

இன்னொண்ணு சொல்றேன். 8 வருசம் முந்தி ஒரு கம்பெனிக்கு ரெண்டு ஏக்கர்ல விதைக்கம்பு போட்டேன். 4 பெண் வரிசை, 2 ஆண் வரிசை. மழை ஏமாத்துனதுல ஆண் வரிசை முந்திப் பூத்து, தூளெல்லாம் கொட்டி முடிஞ்ச பிறகுதான் பெண் வரிசை கருதே தள்ளுச்சு. பக்கத்துக் காட்டுத் தூளு காத்துல வந்து விழுந்து அங்கங்க மணி பிடிச்சுது. கலப்பாயிருச்சு, விதைக்கு ஆகாதுன்னு கம்பெனி கைகழுவிட்டுப் போயிருச்சு. அசல் ஆண் மலட்டுச் செடியில விளைஞ்ச அந்த மணியைத்தான் அந்த வருசம் பூரா நாங்க கூழ் காய்ச்சிக் குடிச்சோம். எனக்கு இப்ப 3 பேரப்பசங்க.

அன்னைக்கு என்னை உறுத்துனது வேற. தாய் விதைப் பை மேல ஒரு நம்பர் மட்டும்தான் இருந்துச்சு. இது என்ன ரகம்னு கேட்டேன், சொல்லலை. மிச்சமிருந்த விதையை எடை போட்டுத் திருப்பி வாங்கிட்டாங்க. என் காடு, என் தண்ணி, என் பொண்டாட்டி குனிஞ்சு களை எடுத்தது. தாய் பேரு மட்டும் எனக்குத் தெரியக் கூடாது.

நீங்க பயப்பட வேண்டிய இடம் அதுங்க. ஹைப்ரிட் மணியை எடுத்து வச்சு அடுத்த வருசம் விதைச்சா முளைக்காம போகாது. ஆனா ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, சிலதுல மகரந்தமே இருக்காது, விளைச்சலும் இறங்கிரும். அதனால வருசா வருசம் விதைக்கடைக்குப் போறோம். 2001ல வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையை எடுத்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம்னு சொல்லுது. ஹைப்ரிட் போட்டவனுக்கு அந்த உரிமை காகிதத்துலதான்.

இன்னொரு ஆபத்து, ஊரு பூரா ஒரே தாய். எச்பி-1க்கு அடுத்து வந்த ஹைப்ரிட்டுகளுக்கும் டிஃப்ட் 23ஏ தான் தாய். 1970களோட ஆரம்பத்துல அடிச்சாம்பல் நோய் வந்து, கருதெல்லாம் மணிக்குப் பதிலா இலை இலையா நின்னுச்சு. அமெரிக்காவுல கூலி மிச்சம்னு மக்காச்சோளத்துக்கு டெக்சாஸ்னு ஒரே மலட்டு வகையை நாடு பூரா வச்சாங்க. 1970ல இலைக்கருகல் அதைக் குறிவச்ச மாதிரி அடிச்சு, அந்த வருச விளைச்சல்ல சுமார் 15 சதவீதம் போச்சு. இதை எந்த குரூப்புலயாவது பார்த்தீங்களா?

நான் ஹைப்ரிட்டுக்கு எதிரி இல்ல. ஒரு ஏக்கர் அதுதான் போடறேன், கடன் அதுலதான் அடையுது. என் கேள்வியெல்லாம், நம்ம வரிப்பணத்துல பல்கலைக்கழகம் உண்டாக்குற ஹைப்ரிட்டோட தாய் தகப்பன் விதையை ஏன் விவசாயிகள் குழு கையில குடுத்து, விதை எடுக்கச் சொல்லித் தரக் கூடாது? எடுத்து வச்சு விதைக்கிற மாதிரியான ரகங்களுக்கு ஏன் இன்னும் கொஞ்சம் கவனம் குடுக்கக் கூடாது? கோயமுத்தூர்க்காரங்களோட கோ 10 அப்படி ஒரு கூட்டு ரகம். மீதி அரை ஏக்கர்ல அதைத்தான் போட்டு, நல்ல கருதாப் பொறுக்கி எடுத்து வைக்கறேன்.

நீங்க "நாட்டுக் கம்பு"ன்னு கூட விலை குடுத்து வாங்குற பாக்கெட்டைக் கொஞ்சம் கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாருங்க, எந்த ஊர்ல, எந்த விதையில விளைஞ்சதுன்னு. பாதிப் பேருக்குத் தெரியாது. நான் கேட்காமலே சொல்லி அனுப்புனேன், மூட்டை திரும்பி வந்துச்சு. திண்ணையிலதான் கிடக்கு. வேணுங்கறவங்க சொல்லுங்க, பழைய விலைக்கே அனுப்பறேன்.