தொண்டர்களின் ரத்தம்

தொண்டர் என்றால் நமக்குக் கொடி, லாரி, பிரியாணிப் பொட்டலம்தான் ஞாபகம் வரும். டென்மார்க்கில் 78 தொண்டர்கள் வேறு ரகம். உடம்பில் ஒரு கோளாறும் இல்லாமல், 'எங்களை வெட்டிப் பாருங்கள்' என்று டாக்டர்களிடம் போய் நின்றார்கள்.

டாக்டர்களும் தாட்சண்யம் பார்க்கவில்லை. முதுகெலும்பு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக வெட்டி, தைத்து, எப்படி ஆறுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி ஒரு வெட்டு. நம்ம ஆபீஸாக இருந்தால் உட்கார முடியவில்லை என்று ஆளுக்கு 15 நாள் மெடிக்கல் லீவ் எழுதியிருப்போம்.

78 பேரில் 48 பேர் தினம் 20 சிகரெட் ஊதுகிறவர்கள். 30 பேர் தொட்டதே இல்லாத உத்தமர்கள். 2003-ல் முடிவு வெளியானது. உத்தமர்களின் காயங்களில் சீழ் வைத்தது 2 சதவீதம். ஊதுகிறவர்களுக்கு 12 சதவீதம். அதே கத்தி, அதே டாக்டர்!

காரணம் ரொம்ப சிம்பிள். காயத்தை ஆற்றுவது ஆயின்மென்ட் இல்லை சார், ரத்தம். கிருமியை அடிக்கிற வெள்ளை அணுவுக்கும், புதுத் தோல் நெய்கிற செல்லுக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். அதைச் சுமந்து வருவது ரத்தம்தான். சிகரெட்டில் இருக்கிற நிக்கோடின், தோலுக்குப் போகிற பொடிக்குழாய்களை இறுக்கிவிடுகிறது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடு இன்னும் கில்லாடி. டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்களே, அந்த மாதிரி ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிமானம். லேசில் எழுந்திருக்காது.

"ஒரே ஒரு தம்தானே!" என்பீர்கள். அதையும் அளந்துவிட்டார்கள். 1991-ல் அமெரிக்காவில், புகைபிடிக்கும் தொண்டர்களின் புஜத்தில் தோலுக்கடியில் மெல்லிய குழாய் செருகிப் பார்த்தார்கள். 10 நிமிடம் புகைத்ததும் அங்கே ஆக்ஸிஜன் அளவு 65-லிருந்து 44-க்கு இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணிக்கு மேல். பி.காம். மூளை சும்மா இருக்குமா? 20 சிகரெட், தலா அரை மணி. ஒரு நாளில் பத்து மணி நேரம் உங்கள் தோல் கடனில் ஓடுகிறது. ஆபீஸ் நேரத்தைவிட ஜாஸ்தி!

சரி, பயமுறுத்தியது போதும். டென்மார்க்கில் ஊதுகிறவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து நிறுத்தச் சொன்னார்கள். 4 வாரம் நிறுத்திய பிறகு வெட்டிய காயங்களில் சீழ் வைப்பது நன்றாகவே குறைந்துபோனது. அவர்களில் சிலருக்கு நிக்கோடின் பட்டை, சிலருக்கு வெறும் பட்டை ஒட்டியிருந்தார்கள். பலனில் வித்தியாசம் இல்லை. ஆகவே கை நடுங்குகிறவர்கள் பட்டை ஒட்டிக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேட்கலாம், தப்பில்லை.

பைக் சறுக்குவதும் குடல்வால் வீங்குவதும் நமக்குச் சொல்லிவிட்டு வருவதில்லை. அதற்கு இன்றைக்கே நிறுத்துவதுதான் வழி. ஆனால் ஹெர்னியா மாதிரி நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன் என்றால் வீட்டில் முதலில் ஜோசியரைத்தான் கேட்பார்கள். கேட்கட்டும். ராகுகாலம், அஷ்டமி, நவமி எல்லாம் தள்ளி அவர் ஒரு நல்ல நாள் சொல்வார். அதிலிருந்து 4 வாரம் பின்னால் எண்ணுங்கள். கடைசி சிகரெட்டுக்கு முகூர்த்தம் அதுதான்.