அதே வீடு, அதே ஆள்



“காதல் கதை என்றால் காதலோடு நிறுத்துங்களேன், நடுவில் எதற்குக் கொலை?” என்று உரிமையோடு கடிந்துகொண்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகி. போன இதழில் வந்த குறுநாவலைத்தான் சொல்கிறார். அவர் கோபம் புரிகிறது. ஆனால் நம் குடும்பக் கதைகளில் காதலும் மர்மமும் தனிச் சமையல் நடத்திய காலம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிறுமியாக இருந்தபோதே மணம் முடிக்கப்பட்டு, பள்ளிக்கூடம் போகாமல், முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்தவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தத் தொடங்கியவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். குடும்பக் கதை எழுதிய அதே கைதான் துப்பறியும் கதையும் எழுதியது. வாசகிகள் இரண்டையும்தான் படித்தார்கள்.

அந்த வாசகிக்கு நான் இரண்டு படங்களைச் சிபாரிசு செய்வேன். எழுத்தாளர் லட்சுமியின் ‘பெண் மனம்’ நாவலிலிருந்து 1963இல் வந்தது ‘இருவர் உள்ளம்’. பெண்களோடு சுற்றித் திரிந்த ஒருவன், தன்னை அடியோடு வெறுக்கும் பெண்ணையே மணக்கிறான். பிறகு அவன் மேல் கொலைப்பழி விழுகிறது. மனைவிக்கு அவன் நல்லவன் என்று புரிகிறது, பழியும் நீங்குகிறது. அடுத்த ஆண்டே ‘புதிய பறவை’. இதிலும் சிவாஜி, சரோஜாதேவிதான். இங்கே நாயகி காதலிப்பதாகக் காட்டத் தொடங்கியதே நாயகன் வாயிலிருந்து அவன் மறைத்த உண்மையை வரவழைக்கத்தான். (அறுபது வருஷத்துப் படம். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள்.) முதல் படத்தில் அவள் அவனை நம்புவதற்காகக் காத்திருக்கிறோம், இரண்டாவதில் உண்மை எது என்று தெரிவதற்காக. நாம் பார்ப்பதென்னவோ ஆசையாகப் பேசுகிற, எதையோ மறைக்கிற ஓர் ஆணைத்தான்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். தாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’ 1938இல் வந்தது. அதில் கணவன் முதல் மனைவியைக் கொன்றவன் என்று தெரிந்த பிறகும் இரண்டாவது மனைவி அவன் பக்கமே நிற்கிறாள். 1940இல் வெளிவந்த படமாக ஹிட்ச்காக் அதை எடுத்தபோது, கொலைகாரக் கணவன் தண்டனையில்லாமல் தப்பிப்பதை அமெரிக்கத் தணிக்கை விதிகள் ஒப்பவில்லை. ஆகவே கொலை விபத்தாகிவிட்டது. நாவலின் முதுகெலும்பே போயிற்று என்பது என் கட்சி.

எனக்கு வரும் கதைகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. “எங்கே போனாய், யாரோடு பேசினாய்?” என்று நாயகன் கேட்டால் காதல் கதையில் அது பாசம். அதே கேள்வி மர்மக் கதையில் தடயம். சம்பளத்தை அவன் வாங்கி வைத்துக்கொள்வது ஒன்றில் பொறுப்பு, இன்னொன்றில் சதி. 2005இன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவியின் பணத்தையும் சீதனத்தையும் பறிப்பதை வன்முறை என்றே சொல்லிவிட்டது. நம் நாயகர்கள் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. ஓங்கி அறைந்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் மல்லிகைப்பூவோடு வந்து நிற்கிறார்கள்!

எனவே எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாலில் விஷம் கலக்கும் மாமியார் போதும், அந்த அம்மாளுக்கு ஓய்வு கொடுங்கள். பீரோவில் துணிக்கடியில் கிடைக்கும் அடகுச் சீட்டு, திடீரென்று பூட்டு மாறிய கைப்பேசி, தனக்குத் தெரியாமல் தன் பெயரில் ஓடும் கடன் தவணை என்று வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். அவள் அவனை இன்னமும் விரும்பட்டும். விரும்பிக்கொண்டே சந்தேகப்படுவதுதான் எழுதக் கடினம், படிக்கச் சுவை. இந்த இதழில் தொடங்கும் புதிய தொடரை அந்த ஒரு காரணத்துக்காகவே தேர்ந்தெடுத்தோம்.

வாசகர்களுக்கும் வேலை உண்டு. இருபது வயதில் உருகி உருகிப் படித்த ஒரு நாயகனை இன்று மறுபடி படித்துப் பாருங்கள். அவனை உங்கள் மகளுக்குப் பார்ப்பீர்களா என்று எழுதி அனுப்புங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், போடமாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்