ஊர்வலம் எதுக்கு-ன்னு கேக்கற நண்பர்களுக்கு...

காட்டாங்குளத்தூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவதற்குள் ஒரு பட்டிமன்றமே நடத்தி முடிக்கலாம். எங்கள் செட்டில் அப்படித்தான் ஒருநாள் நடந்தது. ஒருத்தன் போனில் வானவில் கொடி படத்தைக் காட்டி, "அதான் சுப்ரீம் கோர்ட்டே ஓகே சொல்லிடுச்சே, இன்னும் எதுக்குடா வருஷா வருஷம் ஊர்வலம்?" என்றான். கூடவே ஒரு நம்பரைச் சொல்லி ஜோக் வேறு. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அங்கே சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன்.

சென்னையில் இந்தப் பேரணி முதன்முதலில் நடந்தது 2009 ஜூன் 28-ல், மெரினாவில். கட்சி பலம் கிடையாது. சின்னச் சின்ன அமைப்புகளும் தன்னார்வலர்களும் சேர்ந்த கூட்டணி, அவ்வளவுதான். நாலே நாளில், ஜூலை 2-ஆம் தேதி, டெல்லி உயர்நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. 'சரி, வேலை முடிந்தது' என்று அன்றைக்கே கலைந்து போயிருந்தால்? 2013 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பையே தூக்கிப் போட்டது. நாலரை வருஷம் இருந்த உரிமை ஒரே நாளில் காலி! அதற்கப்புறமும் ஜூன் மாதம் நடந்தார்கள். அந்தப் பிரிவு மறுபடி விழுந்தது 2018 செப்டம்பர் 6-ல்தான்.

போன வருஷம்தான் ஆடிட் முடித்தோமே என்று எந்த கம்பெனியாவது இந்த வருஷம் விட்டுவிட முடியுமா? காமர்ஸ் படிக்கிற நாமே இதைக் கேட்கலாமா?

அடுத்த கேள்வி, "இதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி". ஐயா சாமி, இறக்குமதியானது 377-தான்! 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். சென்னைக்காரர்கள் இந்தப் பேரணிக்கு வைத்த பெயரையும் பாருங்கள்: வானவில் சுயமரியாதைப் பேரணி. சுயமரியாதைத் திருமணங்கள் 1928-லிருந்து நடந்தன. சட்டம் ஏற்றுக்கொண்டது அண்ணா ஆட்சியில், 1967-ல். சனங்கள் முதலில் செய்தார்கள், சட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தது. அன்றைக்கும் யாராவது "எதுக்கு இந்தக் கூத்து" என்று கேட்டிருப்பார்கள்தானே?

டிராஃபிக் ஜாம் ஆகிறதாம்! கட்சி மாநாட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக்கொண்டால் பெருங்களத்தூரில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் நிற்கிற நமக்கு, வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கிறதா?

மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கு 2021-ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் உத்தரவு போட்டார். நீதிபதிக்கே வராத கௌரவக் குறைச்சல் நமக்கு மட்டும் ஏன் வருகிறது?

தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட் மறுத்துவிட்டது. அதனால் 'எல்லாம் கிடைத்தாச்சு' என்பதும் பொய். கிடைத்ததும் கோர்ட் வாசலோடு சரி. ஹாஸ்டல் ரூமுக்கும் ரயில் பெட்டிக்கும் எந்தத் தீர்ப்பு வந்தது?

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அந்த ஜோக்குக்கு நாங்கள் எட்டு பேர் சிரித்தோம். எட்டு பேரும் நிஜமாகத்தான் சிரித்தோமா, இல்லை யாராவது ஒருத்தன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சிரித்தானா? எனக்குத் தெரியாது. அவன் தெரியப்படுத்தவும் வழியில்லாமல் செய்தது நாங்கள்தான். ஊர்வலம் எதுக்கு என்றால், இதுக்குத்தான்.

அடுத்த தடவை அந்த நம்பர் ஜோக் வந்தால் நான் சிரிக்கப் போவதில்லை. செட்டில் சேர்க்க மாட்டீர்கள் என்றால், பரவாயில்லை மக்கா, வேறு பெட்டியில் ஏறிக்கொள்கிறேன்.