கல்லைப் பொறுக்கி வெளியே கொட்டாதீங்க

மானாவாரிக் காடுகளில் இப்போது ஒரு வேலை பெருகிவருகிறது. டிராக்டருக்குப் பின்னால் ஓர் இயந்திரத்தை மாட்டி, மண்ணைச் சலித்து, கிடக்கிற கல்லையெல்லாம் அள்ளி ஓரத்தில் கொட்டுகிறார்கள். மணிக்கணக்குக்கு வாடகை. இயந்திரம் வராத ஊரில் பெண்கள் நாளெல்லாம் குனிந்து கூடையில் பொறுக்குகிறார்கள். பொறுக்கிய கல் வேலியோரம் குவிகிறது, இல்லையென்றால் பாதை போட லாரியேறிப் போகிறது. "காடு சுத்தமாயிருச்சு" என்று நாமும் சந்தோஷப்படுகிறோம்.

கலப்பைக் கொழுவை முறிக்கிற பெரிய கல்லை எடுக்கத்தான் வேண்டும். நிலக்கடலையும் வெங்காயமும் போடுகிற காட்டில் சிறு கல்லும் இடைஞ்சல்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முருங்கை, நெல்லி, எலுமிச்சை, கொய்யா, சீத்தா என்று மரப்பயிருக்குப் போகிறவர்கள், அதுவும் சரளைக் காட்டில் சொற்பத் தண்ணீரை வைத்துக்கொண்டு போகிறவர்கள், காசு கொடுத்துக் கல்லை வெளியேற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுடைய மூடாக்கு அந்தக் கல்தான்.

மூடாக்கு என்றதும் நமக்கு வைக்கோலும் இலைதழையும்தான் நினைவுக்கு வரும். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய் நம் வாயில் புழங்க வைத்த சொல் அது. அவர் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் தழைக்கு எங்கே போவது என்று கரூர், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். விளைகிற சோளத்தட்டும் கடலைக்கொடியும் மாட்டுக்கே பற்றாது. மாட்டு வாயிலிருந்து பிடுங்கி மரத்தடியில் போட எந்த வீட்டுப் பெண்ணும் சம்மதிக்க மாட்டாள், சம்மதிக்கவும் கூடாது. மீறிப் போட்டால் கரையான் தின்னும், ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போகும். வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்ன ஃபுகோகா நல்ல மழை பெறும் ஜப்பானில் நெல் விளைவித்தவர். அவருக்கு வைக்கோல் கையில் இருந்தது. நமக்குக் கையில் இருப்பது கல்.

கல் என்ன செய்கிறது? செம்மண்ணில் முதல் மழை அடித்துவிட்டு வெயில் வந்தால் மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டும், பார்த்திருப்பீர்கள். அடுத்த மழை அந்த ஓட்டின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். மேலே கல் பரப்பியிருந்தால் துளி கல்லில் மோதி வேகம் குறைந்து, இடுக்கு வழியாக இறங்கும். மண் ஓடு கட்டாது. மழை ஓய்ந்த பிறகுதான் இன்னொரு வேலை நடக்கிறது. வெயிலில் மேல்மண் காயக் காய, கீழே இருக்கிற ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, ஏறி வந்து ஆவியாகும். கற்களுக்கு நடுவே இருப்பது பெரிய சந்து. அங்கே திரி அறுந்துபோகிறது, ஈரம் மேலே ஏற வழியில்லை. வெயிலும் காற்றும் நேராக மண்ணைத் தொடுவதில்லை. இவ்வளவுதான் சங்கதி. கல் பனியைக் குடித்து மரத்துக்கு ஊட்டும் என்று சிலர் அளப்பதை நம்பி நீங்கள் முதலீடு எதுவும் செய்ய வேண்டாம். இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தாலே நமக்குப் போதும்.

ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. கல் மண்ணின்மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இறுகிய மண்ணுக்குள் பாதி புதைந்து, தரையோடு தரையாகப் பதிந்த கல் நேர்மாறான வேலையைச் செய்யும். தளம் போட்டதுபோல நீரை வழியவிடும். "எங்க காட்டுல கல்லு நெறையத்தான் கெடக்கு, தண்ணி நிக்கலையே" என்பவர்கள் முதலில் இதைக் கவனிக்க வேண்டும். கல்லைக் கிளப்பி, மண்ணைக் கொத்திவிட்டு, திரும்ப மேலே பரப்ப வேண்டும்.

நம்மைவிட மழை குறைந்த ஊர்க்காரர்களுக்கு இது பழைய பாடம். வடமேற்குச் சீனாவில் கான்சு மாகாணம் என்று ஒன்று. அங்கே லான்சோ நகரைச் சுற்றி ஆண்டு மழை 200 முதல் 300 மில்லிமீட்டர்தான். பல நூறு ஆண்டுகளாக வயல்மேல் நாலைந்து அங்குல கனத்துக்குச் சரளையும் மணலும் பரப்பி, இடையில் குழி பறித்துத் தர்பூசணி விளைவிக்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவில், 1730 முதல் 1736 வரை எரிமலை பொங்கி நல்ல நிலத்தையெல்லாம் கரும் எரிகற்பொடியால் மூடிவிட்டது. அந்த மக்கள் அதை வாரிக் கொட்டவில்லை. பொடிக்கு நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே குழி பறித்து, அடியில் இருந்த பழைய மண்ணில் திராட்சையை நட்டு, காற்றுக்கு மறைப்பாகப் பிறை வடிவில் கல்சுவர் வைத்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழையில், பாசனம் இல்லாமல், இன்றும் அங்கே திராட்சை காய்க்கிறது.

எனக்கு இவை இரண்டையும்விட நெகேவ் பாலைவனச் செய்திதான் முக்கியம். இஸ்ரேலின் தெற்கில் உள்ள அந்தப் பாலையில், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உழவர்கள் சரிவுகளில் கிடந்த கல்லைப் பொறுக்கிக் குவியல் குவியலாக வைத்திருக்கிறார்கள். ஏன் வைத்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. மைக்கேல் எவனாரி என்ற தாவர அறிஞர் 1950களின் இறுதியில் அங்கே பழைய பண்ணைகளைத் திரும்ப உருவாக்கிச் சோதித்தார். கல் அகற்றிய சரிவில் மண் ஓடு கட்டுகிறது, மழைநீர் அதிகமாக வழிகிறது என்று அவர் கண்டார். அப்படி வழிந்த நீரைக் கீழே பள்ளத்தாக்கில் இருந்த வயலுக்குத் திருப்பிக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். சரி, அவர்களுக்குக் கீழே வயல் இருந்தது. நாம் கல்லைப் பொறுக்கிவிட்டு வழியவிடுகிற தண்ணீர் எங்கே போகிறது? அடுத்தவன் காட்டைத் தாண்டி, ரோட்டோரப் பள்ளத்துக்கு.

கணக்குக்கு வருவோம். 25 அடிக்கு 25 அடி நட்டால் ஏக்கருக்கு 70 மரம். மரத்தைச் சுற்றி மூன்றடி ஆரத்தில் வட்டம் போட்டு நாலங்குல கனத்துக்குக் கல் பரப்ப 9 கன அடி கல் பிடிக்கும். ஒரு யூனிட் கல் 11 மரத்துக்கு ஆகும். ஏக்கருக்கு ஆறேகால் யூனிட் போதும். சரளைக் காட்டில் ஓரத்தில் குவித்துவைத்திருப்பதே பெரும்பாலும் இதற்குமேல் இருக்கும். பொறுக்குகிற கூலியை எப்படியும் கொடுக்கிறீர்கள். கூடையை வேலியில் கவிழ்ப்பதற்குப் பதில் மரத்தடியில் கவிழ்க்கச் சொல்கிறேன், அவ்வளவே.

முதலில் வட்டப்பாத்தியை நன்றாகக் கொத்தி, தொழுஉரம் போட்டு, கையில் கிடைத்த கொஞ்சம் தழையையும் பரப்புங்கள். அதன்மேல் கல். தழை கல்லுக்கு அடியில் இருந்தால் காற்று தூக்காது, ஆடு இழுக்காது, ஈரத்தில் மெல்ல மக்கும். எலுமிச்சங்காய் அளவும் கைப்பிடி அளவும் கலந்திருக்கலாம். வெங்கச்சங்கல் கிடைத்தால் அதையே போடுங்கள். வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கருங்கல் பகலெல்லாம் சூடேறி இரவில் அந்தச் சூட்டைக் கக்கும். குளிர் தேசத்தில் அது வரம், நம் சித்திரையில் இளங்கன்றுக்கு ஆகாது. எந்தக் கல்லானாலும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சுக்காங்கல் மட்டும் வேண்டாம். ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த காட்டில் அது இன்னும் கொஞ்சம் கரைந்தால் எலுமிச்சையில் இலை வெளுப்பது கூடத்தான் செய்யும். சொட்டுநீர்க் குழாயைக் கல்லுக்கு அடியில் புதைத்துவிடாதீர்கள், அடைத்துக்கொண்டால் மரம் வாடும்வரை தெரியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கல் மண்ணுக்குச் சோறு போடாது. தழை மூடாக்கு மக்கி உரமாகும், மண்புழு பெருகும். கல் பத்தாண்டு கழித்தும் கல்தான். ஆகவே ஆண்டுக்கொரு முறை ஒரு பக்கத்துக் கல்லை ஒதுக்கி உரம் வைத்தே ஆக வேண்டும். கோரையும் அருகும் கல்லை மதிக்காது, அவற்றை முதலிலேயே கிழங்கோடும் வேரோடும் எடுக்க வேண்டும். தேள், பூரான் அண்டும். வெறுங்கையால் கல்லைப் புரட்டக் கூடாது, குழந்தைகள் விளையாடுகிற வீட்டோரக் கறிவேப்பிலைக்கு இது வேண்டாம் என்பேன். சிறு தூறல் கல்லை நனைத்துவிட்டே காய்ந்துபோகும். இதைவிடப் பெரிய குறை, காலப்போக்கில் மண் ஏறிக் கல்லின் சந்து அடைபடுவது. கான்சு உழவர்கள் இதை அனுபவித்திருக்கிறார்கள். சரளை பரப்பிய தாத்தா உழைத்தே சாவார், மகன் நன்றாகச் சாப்பிடுவான், பேரன் பட்டினி கிடப்பான் என்ற பொருளில் அங்கே ஒரு சொலவடை உண்டு. முழு வயலிலும் பரப்பினால் அந்தக் கதிதான், கல்லையும் மண்ணையும் பிறகு பிரிக்க முடியாது. மரத்தடி வட்டத்தில் அந்தப் பயமில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தரம் அள்ளிச் சலித்துத் திரும்பப் போட்டுவிடலாம்.

இதைப் படித்துவிட்டு யாரும் லாரி பிடித்துக் கல் வாங்கப் போக வேண்டாம். நகரத்து வீட்டுத் தோட்டங்களில் கீழே பிளாஸ்டிக் தாளை விரித்து மேலே வெள்ளைக் கூழாங்கல்லைக் கொட்டுகிறார்கள். யாருடைய ஆற்றில் அள்ளியது அது? கிரஷர் கல்லும் அப்படித்தான், எங்கோ ஒரு மலையை வெடித்து வருவது. கூடவே வருகிற தூள் சந்தையெல்லாம் அடைத்துத் திரியை மறுபடி கட்டிக் கொடுத்துவிடும். தன் காட்டில் கல் இல்லாதவருக்கு வண்டல் இருக்கும், களிமண் இருக்கும். அவருக்குத் தழை மூடாக்கே நல்லது.

நான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் கிராவல் லாரி. "காட்டைச் சமன் பண்ணித் தர்றோம், மேல காசும் தர்றோம்" என்று ஊருக்குள் வருகிறார்கள். கல்லுக்காடு பிரயோசனமில்லை என்று நாமே நம்பிவிட்டதால் தலையாட்டுகிறோம். அவர்கள் கல்லை மட்டும் பொறுக்கிப் போவதில்லை. ஆறடி, எட்டடி தோண்டி மேல்மண்ணோடு சேர்த்து அள்ளுகிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பும் சேர்ந்து சரிகிறது. பிறகு அந்தப் பள்ளத்தில் சீமைக்கருவேலம்தான் முளைக்கும். இந்த விலைக்கு எதை விற்கிறோம் என்று கையெழுத்துக்கு முன்னால் ஒரு தரம் காட்டைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்.

அரசுக்கும் ஒரு கேள்வி. பிளாஸ்டிக் தாள் மூடாக்குக்குத் தோட்டக்கலையில் மானியம் உண்டு. இரண்டு பருவத்தில் கிழிந்து மண்ணோடு கலந்து மாட்டு வயிற்றுக்குள் போகிற தாளுக்குப் பணம் இருக்கிறது. சொந்தக் காட்டுக் கல்லைப் பொறுக்கி மரத்தடியில் அடுக்குகிற கூலிக்கு ஏன் இல்லை? நூறு நாள் வேலையில் கல் வரப்பு போட்ட ஊர்கள் இருக்கின்றன. சிறு, குறு விவசாயியின் மானாவாரிக் காட்டில் கல் மூடாக்கையும் அப்படி ஒரு வேலையாகச் சேர்க்கக் கேட்போம். கூலி ஊருக்குள்ளேயே நிற்கும், கல்லும் காட்டிலேயே நிற்கும்.

சந்தேகப்படுகிறவர்கள் எட்டு மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடை உழவில் மேலே வருகிற கல்லை வரப்பில் சேர்த்துவையுங்கள். புரட்டாசி, ஐப்பசியில் நல்ல மழை ஒன்று இறங்கிய பிறகு நாலு மரத்துக்கு மட்டும் கல் பரப்புங்கள், நாலைச் சும்மா விடுங்கள். தண்ணீரும் உரமும் எட்டுக்கும் ஒரே அளவு. மாசிக் கடைசியில் இரண்டு பக்கமும் முழங்கை ஆழம் தோண்டி மண்ணைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். உருண்டை நின்றதா உதிர்ந்ததா, எத்தனை நாளைக்கு ஒரு தண்ணி விட்டீர்கள், உங்கள் மண் என்ன மண் என்று இதழுக்கு எழுதுங்கள். உதிர்ந்திருந்தாலும் எழுதுங்கள்.